குற்றவாளி லென்ஸ்தானா?

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பார். வீணை வாங்கப் போகிறவர் குடத்தைத் தட்டிப் பார்ப்பார். புடவை வாங்கப் போகும் நமது தாய்மார்களோ, முந்தானையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கடைக்காரருடைய பொறுமையையும் சேர்த்தே பரீட்சை செய்துவிடுவார்கள். இவையெல்லாம் தலைமுறை தலைமுறையாக நமக்கு வந்து சேர்ந்த ஞானம். ஆனால், ஒருவர் உபயோகித்துவிட்டு விற்கும் டெலிபோட்டோ லென்ஸை வாங்கப் போகிறவருக்கு அப்படி யாதொரு பரம்பரை ஞானமும் கிடையாது. பணமோ சொற்பமல்ல, மாதச் சம்பளக்காரர் ஒருவர் பல மாதங்கள் மிச்சம் பிடித்த தொகை. அதை நீட்டும்போது கை சற்று நடுங்குவது இயற்கைதான்.

இந்த ஞானக் குறைவினால் உலகத்தில் இரண்டு விதமான அநியாயங்கள் நடந்து வருகின்றன. கெட்ட லென்ஸ் ஒன்று நல்ல விலைக்குப் போய்விடுகிறது. இது வாங்குகிறவருக்கு அநியாயம். நல்ல லென்ஸ் ஒன்று, “படம் கூர்மையாக விழவில்லை” என்ற கெட்ட பெயருடன் வீடு வீடாக அலைகிறது. இது விற்கிறவருக்கு அநியாயம். இரண்டாவது அநியாயம் முதலாவதைவிட அடிக்கடி நடக்கிறது என்பது நமது அபிப்பிராயம். நுட்பம் மிகுந்த புதுக் காமிராக்கள் வந்த பிறகு அது இன்னும் அதிகமாகியிருக்கிறது. காரணத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

தூரத்தைச் சுருக்கும் கண்ணாடி

குவியத் தூரம் 400 மில்லிமீட்டர் உள்ள சாதாரண லென்ஸ் ஒன்றைச் செய்தால், தூரத்துப் பொருளின் பிம்பம் அதற்கு ஏறக்குறைய 400 மில்லிமீட்டர் பின்னால்தான் விழும். அவ்வளவு நீளமான குழாயைத் தோளில் சுமந்து திரிவது சுலபமல்ல. முன்னால் ஒளியைக் குவிக்கும் வில்லைகளும், பின்னால் அதைச் சிறிது விரிக்கும் வில்லைகளும் வைத்துக் குழாயின் நீளத்தைக் குறைக்கும் யுக்திக்குத்தான் டெலிபோட்டோ என்று பெயர். 1891-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயரும், ஜெர்மனியில் அடால்ப் மீதேயும் ஒருவரையொருவர் சாராமல் இந்த யுக்தியைக் கண்டார்கள்.

இதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களெல்லாம் கண்ணாடி வழியாகப் போகும்போது ஒரே இடத்தில் குவிவதில்லை. குவியத் தூரம் நீள நீள இந்தக் கோணல் அதிகமாகும். 1969-ஆம் வருஷத்தில் ஜப்பானியக் கானன் கம்பெனியார், சூளையில் செயற்கையாக வளர்த்த ப்ளோரைட் என்னும் பளிங்கை வைத்து 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வெளியிட்டார்கள். அதன் பிறகு நிறக் கோணலைப் பெரும்பாலும் அடக்க முடிந்தது.

நமது விசாரணைக்கு ஓர் உதாரணம் வேண்டுமல்லவா? அதே கம்பெனியார் 1998-இல் வெளியிட்ட 100 முதல் 400 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸை எடுத்துக்கொள்வோம். உள்ளே 17 வில்லைகள். அவற்றுள் ஒன்று ப்ளோரைட். கை நடுக்கத்தைத் தணிக்கும் யந்திரமும் உண்டு. எடை சுமார் 1,380 கிராம். குழாயை முன்னும் பின்னும் இழுத்துத்தான் பிம்பத்தைப் பெரிதாக்க வேண்டும். 2014-இல் இதன் இரண்டாவது பதிப்பு வந்தபோது, முதற் பதிப்பை வைத்திருந்தவர்களில் பலர் அதை விற்கலானார்கள். ஆகவே, உபயோகித்த லென்ஸ் தேடுகிறவர்களின் கண்ணில் இது அடிக்கடி படும்.

ஏழரை பிடித்த கதை

இந்த லென்ஸ் பிறந்தபோது பெரும்பாலோர் பிலிமில்தான் படம் பிடித்தார்கள். 2000-ஆம் வருஷத்தில் வந்த கானன் டி-30 காமிராவின் ஒளித்தகட்டில் 3 மெகாபிக்ஸல், அதாவது முப்பது லட்சம் ஒளிக்கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் சுமார் 10 மைக்ரான் அகலம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். 2015-இல் அதே கம்பெனியாரின் 5 டி.எஸ். காமிரா வந்தது. அதில் ஐந்து கோடிக் கட்டங்கள். ஒவ்வொன்றும் சுமார் 4 மைக்ரான்தான்.

முந்திய காமிராவில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளியாக விரித்தால், அங்குலத்துக்கு 96 புள்ளிகள் உள்ள திரையில் அது இரண்டடி அகலம்கூட வராது. பிந்திய காமிராவில் எடுத்த படத்தின் அகலம் 8,688 கட்டங்கள். அதே திரைக் கணக்கில் விரித்தால் ஏழரை அடி! அவ்வளவு பெரிய படத்தின் ஒரு துண்டை ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பார்த்துவிட்டு, “ஐயோ, லென்ஸ் மழுங்கிவிட்டதே!” என்று அலறுகிறோம். இந்த ஏழரை பிடித்துத்தான் பல நல்ல லென்ஸ்கள் ஊர் ஊராகச் சுற்றுகின்றன.

உண்மையில் காமிரா நுட்பமானதனால் லென்ஸ் மட்டமாகிவிடுவதில்லை. இரண்டு காமிராக்களின் படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால், நுட்பமான காமிராவின் படம் பழையதற்குக் குறைந்ததாக இராது. பெரும்பாலும் அதிக விவரமே காட்டும். அது லென்ஸின் குணத்தை மட்டுமல்ல, குற்றத்தையும் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். பழுதே இல்லாத லென்ஸ்கூட ஒளியை ஒரே புள்ளியில் குவிக்க முடியாது. ஒளி அலையாக இருப்பதால், அது துவாரத்தின் விளிம்பில் சிதறிச் சிறு வட்டமாகத்தான் விழும். பச்சை ஒளிக்குக் கணக்குப் பார்த்தால், எப் 5.6 துவாரத்தில் அந்த வட்டத்தின் குறுக்களவு சுமார் 7.5 மைக்ரான். எப் 11-இல் சுமார் 15. எப் 16-இல் 21-க்கும் மேல். கட்டமோ 4 மைக்ரான். ஆகவே எப் 16-இல் எடுத்த படம் மங்கலாயிருக்கிறது என்று விற்கிறவரிடம் சண்டைக்குப் போவது இயற்கை விதியுடன் சண்டை போடுவதாகும்.

பொய்ச் சாட்சிகள்

மங்கலான படம் ஒன்றைக் கண்டவுடன் லென்ஸைக் கூண்டில் ஏற்றுகிறோம். ஆனால் அதற்கு எதிராகச் சாட்சி சொல்ல வருகிறவர்களில் பலர் தாங்களே குற்றவாளிகள்!

முதல் ஆசாமி, கை நடுக்கம். 400 மில்லிமீட்டர் லென்ஸை மேற்சொன்ன 4 மைக்ரான் காமிராவில் மாட்டி 20 மீட்டர் தூரத்திலுள்ள குருவியைப் பார்த்தால், ஒரு கட்டத்தில் அடங்குவது குருவியின் உடலில் 0.2 மில்லிமீட்டர்தான். கால் மீட்டர் நீளமுள்ள குழாயின் நுனி மூன்று மைக்ரான் உயர்ந்தாலே பிம்பம் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். தலைமயிரின் கனத்தில் இது மிகச் சிறு பங்கு. “400 மில்லிமீட்டருக்கு வினாடியில் 400-இல் ஒரு பங்கு நேரம் போதும்” என்பது பிலிம் காலத்துச் சூத்திரம். இன்றைய காமிராவில் 800-இல் ஒரு பங்கு, முடிந்தால் 1,600-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது உத்தமம்.

இரண்டாவது ஆசாமி, வாயு பகவான். வெயிலில் காய்ந்த மொட்டை மாடி, தார் ரஸ்தா, மோட்டார் வண்டியின் மேல்மூடி ஆகியவற்றுக்கு மேலே காற்று நெளிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நண்பகலில் நின்று எதிர்ப்புறத்து மரத்து நாரையைப் படம் பிடித்தால், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாயிருந்தாலும் இறகுகள் கரைந்துதான் தெரியும். காலையில் வெயில் ஏறுமுன் அதே நாரை அதே லென்ஸில் இறகு இறகாகத் தெரியும். குளிர் சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த லென்ஸையும் உடனே பரீட்சிக்கக் கூடாது. கண்ணாடியில் படிந்த பனி நீங்கி, குழாய் வெளிக் காற்றின் சூட்டுக்கு வரும் வரையில் பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆசாமி, குவியப் பிழை. 5 மீட்டர் தூரத்தில், 400 மில்லிமீட்டரில், எப் 5.6 துவாரத்தில், இந்தக் காமிராவின் கட்டக் கணக்கில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். குருவியின் கண் தெளிவாயிருக்கும்; வால் மங்கியிருக்கும். தவிர, ஆடி வைத்த பழைய மாதிரிக் காமிராக்களில் தூரம் பார்க்கும் கருவி வேறு, படம் விழும் தகடு வேறு. இரண்டுக்கும் சிறிது ஒத்துவராவிட்டாலும் லென்ஸ் தப்பான இடத்தில் குவியும். இது பல காமிராக்களில் திருத்தக்கூடிய கோளாறு; லென்ஸின் பிறவிக் குணமல்ல. ஆடியில்லாக் காமிராக்களில் படம் விழும் தகட்டிலேயே தூரமும் பார்க்கப்படுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

நாலாவது, லென்ஸின் முகத்தில் திருகிய மலிவான பில்டர் கண்ணாடி. 17 வில்லைகளைக் கடைந்து பொருத்தியவர்களின் உழைப்பை இந்தப் பதினெட்டாவது கண்ணாடி ஒரு நொடியில் கெடுத்துவிடும். ஐந்தாவது, நடுக்கந் தணிக்கும் யந்திரம். நமது உதாரண லென்ஸின் காலத்து யந்திரம், முக்காலியில் வைத்திருப்பதை அறியாது. இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே நடுங்கத் தொடங்கும். முக்காலியில் வைத்தவுடன் அதை நிறுத்திவிட வேண்டும்.

முதலில் உடம்புப் பரீட்சை

பொய்ச் சாட்சிகளை அனுப்பிவிட்டோம். இனி நிஜமான பரீட்சைக்கு வருவோம். போகும்போது சொந்தக் காமிரா, முக்காலி, சிறு டார்ச் விளக்கு, அன்றைய செய்தித்தாள் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறமிருந்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். நாலைந்து தூசிகள் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. முன்னும் பின்னும் இழுக்கும் இந்த லென்ஸுக்கு ‘தூசி இறைக்கும் பம்ப்’ என்று பரிகாசப் பெயரே உண்டு. ஆனாலும் சிறு தூசிகளால் படத்துக்குக் கெடுதல் இல்லை. பார்க்க வேண்டியவை வேறு. சிலந்தி வலை போலவும், செடியின் வேர் போலவும் கிளைவிட்ட கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம். மூச்சு விட்டாற் போல் ஒரே சீராக வெண்மை படர்ந்திருந்தால் அது உள் மங்கல். வில்லையின் ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டுத் தெரிந்தால், ஒட்டிய வில்லைகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம்.

கடற்கரை ஊர்களில் உள்ளவர்கள் பூஞ்சணத்தை அலட்சியம் செய்யக் கூடாது. அது கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றுவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு நிற்கும். வாங்கிய பிறகும், ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 50 வரை உள்ள உலர்ந்த பெட்டியில் லென்ஸை வைப்பதே அதற்கு ஆயுள் ரக்ஷை. தோல் உறையில் போட்டுப் பீரோவின் அடித்தட்டில் வைப்பது, பூஞ்சணத்துக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பது போலாகும்.

அடுத்து, விளிம்பு நசுங்கியிருக்கிறதா, திருகாணித் தலைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். முன்னது கீழே விழுந்ததற்கும், பின்னது யாரோ பிரித்துப் பார்த்ததற்கும் அடையாளம். காமிராவில் மாட்டினால் ஆட்டம் கொடுக்கிறதா? தூரம் பார்க்கும் மோட்டார் தயங்குகிறதா? இவற்றைக் கையாலும் காதாலுமே அறிந்துகொள்ளலாம்.

செய்தித்தாள் பரீட்சை

செய்தித்தாளை ஒரு சுவரில் மடிப்பில்லாமல் ஒட்டுங்கள். நிழல் இருக்கட்டும், ஆனால் நல்ல வெளிச்சமும் இருக்கட்டும். காலை நேரம் சிலாக்கியம். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி முக்காலியில் காமிராவை வைத்து, சுவருக்கு நேராக இருக்கும்படி சரிபாருங்கள். பில்டரைக் கழற்றுங்கள், நடுக்கந் தணிக்கும் யந்திரத்தை நிறுத்துங்கள், ஐ.எஸ்.ஓ. 100 வையுங்கள். காமிராவின் பின்திரையில் பிம்பத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, எழுத்தின் விளிம்பு கறுத்துத் தெரியும் வரை குவியுங்கள். பொத்தானை அமுக்கிய பிறகு இரண்டு வினாடி கழித்துப் படம் விழும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

எப் 5.6, எப் 8, எப் 11 ஆகிய மூன்று துவாரங்களில் மும்மூன்று படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குவியத்தைக் கலைத்துவிட்டு மறுபடி குவிக்க வேண்டும். மூன்றில் சிறந்த படத்தை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கெட்ட படம் யாராலும் வரும். நல்ல படம் லென்ஸ் நன்றாயிருந்தால்தான் வரும்.

எப் 5.6-இல் சற்று மென்மையாகவும் எப் 8-இல் நன்கு கூர்மையாகவும் இருந்தால், அது இந்த ஜாதி லென்ஸ்களின் சாதாரணக் குணம், ஒதுக்க வேண்டியதில்லை. எழுத்துக்களைச் சுற்றிப் புகை போல் ஒளி கசிந்து, துவாரத்தைச் சிறிதாக்கியும் தெளியாவிட்டால், உள் மங்கலோ இடம் மாறிய வில்லையோ இருக்கவேண்டும். இதே பரீட்சையை 100, 200, 300, 400 மில்லிமீட்டர் என்ற நான்கு நிலைகளிலும் செய்வது அவசியம். 100-இல் சிங்கமாகவும் 400-இல் ஆட்டுக்குட்டியாகவும் இருக்கும் லென்ஸை, பறவைப் படத்துக்கென்று வாங்கி என்ன பயன்?

ஒரு பக்கம் மட்டும் மங்கினால்

இப்போது, படத்தின் இடது ஓரத்து எழுத்துத் தெளிவாகவும், வலது ஓரத்து எழுத்து மங்கலாகவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் கீழே விழுந்து வில்லை சாய்ந்திருக்கலாம். அல்லது காமிரா சுவருக்கு நேராக நிற்காமலும் இருக்கலாம். எது என்று எப்படி அறிவது? காமிராவைத் தலைகீழாக மாட்டி இன்னொரு படம் எடுங்கள். முன்பு மங்கியிருந்த அதே செய்திப் பத்தி இப்போதும் மங்கியிருந்தால், சுவரும் காமிராவும் நேராக இல்லை, லென்ஸ் நிரபராதி. காமிரா திரும்பியவுடன் மங்கலும் எதிர்ப் பத்திக்குத் தாவிவிட்டால், குற்றம் காமிராவின் பக்கத்தில் இருக்கிறது. லென்ஸின் மீதுதான் முதல் சந்தேகம் விழும். வேறொரு நல்ல லென்ஸை அதே காமிராவில் மாட்டி, அதில் அந்த மங்கல் வரவில்லையானால் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிடும். வில்லை சாய்ந்த லென்ஸைச் சீர் செய்வது வீட்டில் நடக்கிற காரியமல்ல, செலவும் அதிகம். விலையை வெகுவாகக் குறைத்தாலொழிய அதை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

நான்கு மூலைகளும் ஒரே அளவாக மங்கியிருந்தால் மட்டும் கவலை வேண்டாம். பறவைப் படத்தில் மூலையில் இருப்பது ஆகாயமோ தண்ணீரோதான்.

தீர்ப்பு

இவ்வளவும் முடிந்த பிறகு, காமிராவின் பின்னாலுள்ள சின்னத் திரையைப் பார்த்தே முடிவு செய்துவிடாதீர்கள். படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். முதலில் எந்த அளவில் அச்சிடப் போகிறீர்களோ அந்த அளவுக்குப் படத்தைச் சுருக்கிப் பாருங்கள். ஏ-3 காகிதத்தில், அதாவது பதினாறரை அங்குல அகலத்தில், ஐந்து கோடிக் கட்டங்களும் அச்சானால் அங்குலத்துக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட புள்ளிகள் விழும். திரையில் பூதமாகத் தெரிந்த மங்கல் காகிதத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

விற்கிறவர் காட்டும் மாதிரிப் படங்களை மாத்திரம் நம்பி வாங்கவும் கூடாது. கம்ப்யூட்டரில் கூர்மையேற்றிய படம், சாயம் பூசிய பழம் போன்றது. காமிராவிலிருந்து வந்தபடியே உள்ள மூலப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பரீட்சைக்கு ஒரு நாள் அவகாசமும், கோளாறு கண்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்து மூலமான வார்த்தையும் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. யோக்கியமாக விற்கிறவர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். அவர் தாமாகவே, “இந்த வில்லையில் ஒரு கீறல் இருக்கிறது, பாருங்கள்” என்று சொன்னாரானால், அந்தக் கீறலுக்காக விலையைக் குறைக்கலாம். அவரிடம் வாங்கத் தயங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நாவலாசிரியர் அ. மாதவையாவின் குமாரரான மா. கிருஷ்ணன் (1912–1996) நமது காட்டு மிருகங்களையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து, நாட்டின் சிறந்த இயற்கை எழுத்தாளர்களுள் ஒருவராக விளங்கினார். அவர் கையாண்ட காமிரா, பல கருவிகளின் பாகங்களைத் தாமே சேர்த்து அமைத்துக்கொண்டது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். அவருடைய யானைகளைப் பார்க்கிறவர்கள் ஒரு மில்லிமீட்டரில் எத்தனை கோடு தெரிகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை, யானையைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே நேயர்களே, செய்தித்தாளை ஒட்டி லென்ஸைக் கண்டிப்பாகப் பரீட்சை செய்யுங்கள். பாடுபட்டுச் சேர்த்த பணத்துக்கு அந்த மரியாதை அவசியம் வேண்டும். ஆனால் லென்ஸ் தேறிவிட்டதென்றால், அன்றோடு செய்தித்தாளைச் சுவரிலிருந்து கிழித்து எறிந்துவிட்டு, மறுநாள் பொழுது விடியுமுன் ஏரிக்கரைக்குப் புறப்படுங்கள். நாரைகள் ஒருபோதும் சுவரில் ஒட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை.